"அன்பொசிபிள்" என்று எழுதிய பிள்ளையும் எங்கள் சிவப்புப் பேனையும்



தரம் 5 ஆங்கில வகுப்பு. எதிர்ச்சொல் எழுதும் பயிற்சி. 'ஹெப்பி' என்ற சொல்லுக்கு எல்லாப் பிள்ளைகளும் 'அன்ஹெப்பி' என்று சரியாக எழுதியிருந்தார்கள். 'பொசிபிள்' என்ற சொல்லுக்கு ஒரு பிள்ளை 'அன்பொசிபிள்' என்று எழுதியிருந்தாள். நாங்கள் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே 'இம்பொசிபிள்' என்று எழுதிக் கொடுத்தோம்.

"ஏன் டீச்சர், இதுக்கு அன் போடக் கூடாது?" என்று கேட்டாள்.

"அது அப்படித்தான். பாடமாக்குங்க" என்றோம். பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க அவள் கை உயர்த்தவே இல்லை.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதில் வரலாற்றில் இருக்கிறது. எங்களுக்குத்தான் அதைத் தேடிப் பார்க்கும் பொறுமை இருக்கவில்லை.

முதலில் எங்கள் பிள்ளைகளின் சிரமத்தைப் பார்ப்போம். தமிழ் 'இல்லை' என்பதைச் சொல்லின் வாலில் வைக்கும் மொழி. அறி, அறியாமை. செய், செய்யாத. அநீதி, அசுத்தம் போன்று முன்னால் 'அ' வரும் சொற்கள் வடமொழியிலிருந்து வந்தவை. ஆகவே சொல்லின் தலையிலேயே மறுப்பை வைக்கும் ஆங்கிலப் பழக்கம் பிள்ளைக்குப் புதிது. அதைப் பிடித்துக்கொண்டவுடன் 'அன்', 'இன்', 'இம்', 'இல்', 'இர்' என்று ஐந்து முகங்களை நாங்கள் ஒன்றாகக் காட்டுகிறோம். பிள்ளை தடுமாறாமல் என்ன செய்யும்?

உண்மையில் அங்கே இருப்பது ஐந்து அல்ல, இரண்டுதான்.

'அன்' ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. 'இன்' லத்தீனுக்குரியது. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி வந்து அமர்ந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. 'பொசிபிள்' அப்படி வந்த சொல். 'இன்' என்ற முன்னொட்டும் அந்தச் சொற்களோடுதான் வந்தது.

வந்த சொல்லுக்கு ஊர் முன்னொட்டா, வந்த முன்னொட்டா? ஆங்கிலேயரே நீண்ட காலம் முடிவெடுக்காமல் இருந்தார்கள். 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் அச்சான ஆங்கில பைபிளில் 'அன்பொசிபிள்' என்ற சொல் இருக்கிறது. பிந்திய பதிப்புகளில்தான் அது 'இம்பொசிபிள்' ஆனது. நாம் இன்று 'இம்பெர்ஃபெக்ட்' என்று சொல்வதை ஷேக்ஸ்பியர் 'அன்பெர்ஃபெக்ட்' என்று எழுதியிருக்கிறார். 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரைவில், பறிக்க முடியாத உரிமைகளைக் குறிக்க ஜெபர்சன் 'இன்ஏலியனபிள்' என்று எழுதினார். வெளியான பிரகடனத்தில் அது 'அன்ஏலியனபிள்' ஆனது. வாஷிங்டனில் அவருடைய நினைவு மண்டபச் சுவரில் பொறித்தபோது மறுபடியும் 'இன்' ஆகிவிட்டது!

400 வருடங்களுக்கு முன் அச்சில் வந்த சொல்லைத்தான் எங்கள் பிள்ளை எழுதினாள். அதற்குத்தான் வகுப்பு சிரித்தது.

சரி, 'இன்' எப்படி 'இம்' ஆனது? இதற்கான விடை எங்கள் பிள்ளைகளின் நாவிலேயே இருக்கிறது. குர்ஆன் மத்ரஸாவில் தஜ்வீத் படித்த எந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள். ஸுகூன் பெற்ற நூனுக்குப் பின் 'பா' வந்தால் நூன் 'மீம்' ஆக மாறும். அது இக்லாப். பின்னால் 'லாம்', 'ரா' வந்தால் நூன் அந்த எழுத்துக்குள்ளேயே மறைந்துவிடும். அது இத்காம்.

இப்போது ஆங்கிலத்தைப் பாருங்கள். இன் + பலன்ஸ் 'இம்பலன்ஸ்' ஆகிறது. இன் + லீகல் 'இல்லீகல்' ஆகிறது. இன் + ரெகுலர் 'இர்ரெகுலர்' ஆகிறது. 'பொசிபிள்' என்பதிலும் 'பலன்ஸ்' போலவே உதடுகள் மூடுகின்றன. அதனால் அங்கேயும் 'இம்'. இந்த ஒலி மாற்றங்களை 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இலக்கண அறிஞர் ஸீபவைஹி தன் நூலில் விளக்கியிருக்கிறார். தமிழிலும் மரம் + கள் 'மரங்கள்' ஆகும்போது நடப்பது இதே வகையான வேலைதான். நாவுக்கும் உதட்டுக்கும் எது இலகுவோ, எழுத்து அந்தப் பக்கம் சாய்கிறது. 'அன்' மட்டும் எழுத்தில் அப்படிச் சாயாது. 'அன்லக்கி', 'அன்ரியல்' என்று அப்படியே நிற்கும்.

வெறுமனே பாடமாக்குவதில் ஆபத்தும் உண்டு. 'இன்ஃபிளேமபிள்' என்ற சொல்லில் இருக்கும் 'இன்' மறுப்பு அல்ல. அதன் பொருள் 'எளிதில் தீப்பற்றும்' என்பது. 'தீப்பற்றாது' என்று யாராவது விளங்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், 1920களில் அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் துறையினர் 'ஃபிளேமபிள்' என்றே எழுதும்படி வலியுறுத்தினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பிள்ளையின் கொப்பியை நாங்கள் திரும்ப வாங்கினோம். சிவப்புக் கோட்டின் பக்கத்தில் '1611' என்று எழுதினோம். பரீட்சையில் 'இம்பொசிபிள்' என்றுதான் எழுத வேண்டும் என்பதையும் சொன்னோம். பிறகு கரும்பலகையில் 'இன் + லீகல்' என்று எழுதி, "ஓதும்போது நூனுக்குப் பிறகு லாம் வந்தா என்ன நடக்கும்?" என்று கேட்டோம்.

முதலில் உயர்ந்தது அவளுடைய கைதான்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்று முடித்துவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால் "நாளைக்குத் தேடிட்டு வாறம்" என்று சொல்லுங்கள். அதில் எந்த வெட்கமும் இல்லை.