வேலூர் சொல்லும் கதை: ஆய்வுக்கு நெறிக்குழு தேவையா?

ஆராய்ச்சி மாணவர்கள் யாரிடம் பேசினாலும் ஒரு புலம்பல் கண்டிப்பா வரும்: "எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கே ஆறு மாசம் போயிடுச்சு சார்." நான் மென்பொருள்காரன், எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேராதவன். அந்தக் கமிட்டி முன்னாடி நிற்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனா ஆம்பூர் தோல் தொழிலாளர்களைப் பற்றிக் கொஞ்ச நாளா குறிப்பு எடுத்துட்டு வர்றதால, இந்தக் கேள்வி எனக்கும் வந்து சேர்ந்தது. இதை யோசிக்க வேலூரின் மருத்துவ வரலாறு நல்ல இடம்.

1946-ல் பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் மீட்க முடியும் என்ற நம்பிக்கை அன்று மருத்துவர்களிடமே அரிது. வேலை செய்கிற ஒரு தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையை அதற்குக் கொடுத்துப் பார்த்தார் அவர். 1940-களின் இறுதியில் தொடங்கிய இந்த முயற்சி, தொழுநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. விரல்கள் அழிவதற்குப் பெரும் காரணம் உணர்ச்சி இல்லாததால் ஏற்படும் காயங்கள்தான் என்று எடுத்துக்காட்டியவரும் அவரே.

அவர் விண்ணப்பிக்க அன்று நெறிக்குழு என்று ஒன்று இந்தியாவில் கிடையாது. இருந்திருந்தால் அந்த முதல் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருக்கலாம். "பாருங்க, கமிட்டி இல்லாம எவ்வளவு நல்லது நடந்திருக்கு" என்று யாராவது இதை உதாரணம் காட்டலாம். ஆனா அதே 1940-களில் அமெரிக்காவின் டஸ்கீகியில் வேறொன்று நடந்தது. சிபிலிஸ் நோயுள்ள சுமார் 400 கறுப்பின ஆண்களை 1932 முதல் மருத்துவர்கள் கவனித்து வந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகையில் வெளியான பிறகுதான் அது நின்றது. இரண்டு இடத்திலும் குழு இல்லை. வேலூரில் நோயாளிகளைக் காத்தது பிராண்டின் மனசாட்சி. எல்லா ஊருக்கும் ஒரு பிராண்ட் கிடைப்பார் என்று நம்பி ஆய்வு நடத்த முடியாது.

இந்தியாவில் இதற்கான முதல் கொள்கை அறிக்கையை ஐசிஎம்ஆர் 1980-ல் வெளியிட்டது. அதைத் தயாரித்த குழுவின் தலைவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா. ஆமா, எமர்ஜென்சி வழக்கில் தனியாளாக மாறுபட்ட தீர்ப்பு எழுதிய அதே கன்னாதான். 2000, 2006, 2017-ல் விரிவான நெறிமுறைகள் வந்தன. 2013 முதல் மருந்துப் பரிசோதனைக்கு அனுமதி தரும் குழுக்கள் பதிவு செய்வது கட்டாயமானது.

இத்தனை ஏற்பாடு வந்த பிறகு வேலூரில் நடந்ததைப் பார்க்கலாம். குழந்தைகளுக்கான ரோட்டாவேக் தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்டப் பரிசோதனை 2011 மார்ச்சில் தொடங்கியது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று மையங்களில் 6,799 குழந்தைகள். வேலூரில் சுமார் 1,500 பேர். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு மருந்து, ஒரு பங்குக்கு மருந்தில்லாத பொய் மருந்து. வேறு ரோட்டா தடுப்பு மருந்துகள் அப்போதே சந்தையில் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே பரிந்துரைத்திருந்தது. அப்படியிருக்க பொய் மருந்து சரியா? சரியில்லை என்றனர் ஒரு சாரார். நம் அரசுத் திட்டத்தில் அந்த மருந்து இல்லாததால் எந்தக் குழந்தையும் கிடைக்க வேண்டியதை இழக்கவில்லை என்றனர் மறுசாரார். நெறிக்குழுக்கள் அனுமதித்தன. தீவிர ரோட்டா வயிற்றுப்போக்கு சுமார் 54% குறைந்தது. உள்நாட்டிலேயே தயாரான மருந்து 2016-ல் அரசுத் திட்டத்துக்குள் வந்தது. இது பெரிய பலன், அதில் சந்தேகமில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ரோட்டா தடுப்பு மருந்துகளில் கவனிக்க வேண்டியது குடல்செருகல், அதாவது குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் நுழைந்துகொள்வது. இதனால்தான் 1999-ல் அமெரிக்காவில் ஒரு மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். இந்தப் பரிசோதனையில் வேலூருக்கான கணக்கைத் தனியாக வெளியிடக் கேட்டு எழுந்த வழக்கு, டெல்லி உயர் நீதிமன்றம் கடந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. மூன்று மையங்களையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆய்வு வடிவமைக்கப்பட்டது, ஒரு ஊரின் சிறிய எண்ணிக்கையை வைத்து முடிவுக்கு வர முடியாது என்பது எதிர்வாதம். பல மாநில மருத்துவமனைகளில் நடந்து 2020-ல் வெளியான கண்காணிப்பு ஆய்வில் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. மருந்தைப் பற்றிப் பயம் வேண்டாம்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த வேலூர் அம்மா, "எங்க ஊர்ல என்ன கணக்கு?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? நெறிக்குழு ஆய்வின் வாசலில் நின்று நூறு கேள்வி கேட்கிறது. முடிவு வந்த பிறகு அந்தத் தெருவுக்கு யார் திரும்பிப் போவது என்ற கேள்விக்கு அதனிடம் பலம் போதவில்லை. நேரம் போகுது, காகிதம் ஜாஸ்தி என்பதை விட இதுதான் பெரிய குறை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வந்தால் இன்னொரு முரண். தோல் ஆலைக் கழிவால் இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. கிணற்றுத் தண்ணியைக் கெடுக்க யாரும் யாரிடமும் ஒப்புதல் படிவம் நீட்டவில்லை. ஆனா அந்தத் தண்ணியைக் குடித்தவரிடம் தோல் நோய் இருக்கா என்று கேட்க வரும் மாணவிக்குப் படிவம் வேண்டும். அந்தப் படிவத்தைப் பார்த்ததும் தொழிலாளி ஒதுங்குகிறார். "கையெழுத்து போட்டா கம்பெனிக்குத் தெரிஞ்சிடும்ல?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். வாய்மொழி ஒப்புதலுக்கும் நெறிமுறையில் இடம் உண்டு; அதைக் குழுக்கள் தாராளமாகப் பயன்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

என்னைக் கட்டுப்படுத்தக் குழு இல்லை. அதனால பேசியவர் பெயர், ஆலை, தெரு எதையும் எழுதுவதில்லை. எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுகிறேன். வேண்டாம் என்று சொன்னதை எடுத்துவிடுகிறேன். போன மாதம் ஒரு பெரியவர் தன் இருமலைப் பற்றிச் சொன்ன இரண்டு பக்கத்தையும் எடுக்கச் சொன்னார். மகன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான். எடுத்துவிட்டேன். கட்டுரையில் நல்ல பகுதி அதுதான். ஆனால் எதை எடுக்கலாம், எதை வைக்கலாம் என்று நான் ஒருத்தனே முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கல்லூரிகளின் நெறிக்குழுக்கள், அமைப்பு சாராத ஆர்வலர்களும் வந்து ஆலோசனை கேட்க மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.