பொதுப் பொறுப்புக் காப்பீடு

ஒரு தொழிலால் வெளியாருக்கு உயிரிழப்போ காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டு, அதற்குத் தொழில் உரிமையாளர் சட்டப்படி பொறுப்பானால், இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் பாலிசி வரம்புக்குள் ஏற்கும் காப்பீடு. கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஈரத்தரையில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டால் இது கைகொடுக்கும். கடையின் சொந்தச் சரக்கு எரிந்தால் தராது. அதற்குத் தீ காப்பீடு வேண்டும்.

இந்தியாவில் பெரும்பாலும் விரும்பினால் எடுக்கும் பாலிசிதான். அபாயகரமான பொருள்களைக் கையாளும் தொழில்களுக்கு மட்டும் கட்டாயம். காரணம் போபால்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த மெத்தில் ஐசோசயனேட் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 47 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாடு 1989இல்தான் வந்தது. அதுவும் போதவே போதாது என்பதே பாதிக்கப்பட்டோரின் குமுறல். நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை மருந்துக்கு யார் பணம் தருவது? இந்தக் கேள்விக்கு விடையாக 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது.

இதன்படி நிர்வாகம் தவறு செய்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்தால் போதும். அபாயப் பொருளை ஏற்றிச் செல்லும் லாரியும் இதற்குள் அடங்கும். பிரீமியத்தோடு, சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் உரிமையாளர் பணம் கட்ட வேண்டும்.

தொகைதான் சொற்பம். சட்டம் வந்தபோது உயிரிழப்புக்கு நிர்ணயித்த உடனடி நிவாரணம் 25,000 ரூபாய். கூடுதல் இழப்பீட்டுக்கு நீதிமன்றம் செல்லும் உரிமை மட்டும் பறிபோகவில்லை.