இரண்டு நிமிட ஹார்மோனும் ஒரு வார மருந்தும்

1. குடல் அனுப்பும் முன்னறிவிப்பு

குளுக்கோஸைக் குடித்தால் சுரக்கும் இன்சுலினின் அளவு, ரத்தச் சர்க்கரை அதே உயரத்துக்கு ஏறும்படி சிரைவழி செலுத்தும்போது சுரப்பதைவிடக் கணிசமாகக் கூடுதல். 1964-இல் வெளிவந்த ஆய்வுகள் இதை அளந்து காட்டின. உணவு வந்ததைக் குடல்தான் கணையத்துக்குத் தெரிவிக்கிறது. அதைத் தெரிவிக்கும் ஹார்மோன்கள் இன்க்ரெட்டின்கள். ஜிஐபி, ஜிஎல்பி-1 என இரண்டு முதன்மையானவை. இரண்டாம் வகை நீரிழிவில் ஜிஐபிக்குக் கணையம் ஏறக்குறைய செவிசாய்ப்பதில்லை. ஆனால் ஜிஎல்பி-1-ஐ மருந்தளவில் கொடுத்தால் இன்சுலின் சுரக்கிறது. 1993-இல் ஆய்வாளர் மைக்கேல் நௌக் குழுவினர் அதைச் சிரைவழி செலுத்தி, நோயாளிகளின் வெறும் வயிற்றுச் சர்க்கரையைச் சில மணி நேரத்தில் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்தனர்.

2. சர்க்கரை இருந்தால் மட்டும்

ஜிஎல்பி-1, இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லின் ஏற்பியில் பொருந்தியதும் செல்லுக்குள் சுழல் ஏஎம்பி என்னும் சமிக்ஞை மூலக்கூறு பெருகி, இன்சுலின் வெளியேற்றம் வலுப்பெறுகிறது. ஆனால் அதைத் தொடங்கிவைக்கும் கால்சியம் உள்வரத்துக்குக் குளுக்கோஸ் வேண்டும். கிளிமிப்ரைடு போன்ற நீரிழிவு மாத்திரைகள், அந்த உள்வரத்துக்காகக் குளுக்கோஸ் மூடவேண்டிய பொட்டாசியம் வாயிலைத் தாமே அடைத்துவிடுவதால், சர்க்கரை குறைந்திருக்கும்போதும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். தாழ்சர்க்கரை அபாயத்தில் இம்மாத்திரைகளுக்கும் ஜிஎல்பி-1 வழி மருந்துகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கிருந்தே பிறக்கிறது.

3. ஆயுளை நீட்டிய வழிகள்

இத்தனை நல்ல ஹார்மோனின் அரை ஆயுள் ஏறத்தாழ இரண்டே நிமிடம். டிபிபி-4 என்னும் நொதி, சங்கிலியின் தொடக்கத்தில் இரண்டாவதாக நிற்கும் அலனைனைக் கண்டறிந்து முதல் இரு அமினோ அமிலங்களை வெட்டிவிடுகிறது. வெட்டுக்குத் தப்பினாலும் சிறுநீரகம் வடிகட்டி அகற்றிவிடும். இரண்டுக்கும் விடை தேட வேண்டியிருந்தது.

முதல் விடை பாலைவனப் பல்லியிடம் கிடைத்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் எங், கிலா மான்ஸ்டர் பல்லியின் நஞ்சிலிருந்து எக்ஸெண்டின்-4-ஐப் பிரித்தெடுத்து 1992-இல் அறிவித்தார். ஏறத்தாழ பாதி அமினோ அமிலங்களே மனித ஹார்மோனுடன் ஒத்துப்போயினும் அது அதே ஏற்பியை இயக்கியது. இரண்டாம் இடத்தில் கிளைசின் இருந்ததால் நொதிக்கும் தப்பியது. அதன் செயற்கை வடிவமான எக்ஸெனடைடு 2005-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிறுநீரகத்துக்கு அது தப்பவில்லை; நாளுக்கு இருமுறை ஊசி தேவைப்பட்டது.

அடுத்த அடி, என் மதிப்பீட்டில் இத்துறையின் மிக நேர்த்தியான வேதியியல், டென்மார்க்கில் எடுத்துவைக்கப்பட்டது. லோட்டே பியரே நூட்சனின் குழு, ஹார்மோனோடு 16 கார்பன் கொழுப்பு அமிலம் ஒன்றை இணைத்தது. அந்த வால் ரத்தத்தின் ஆல்புமினைப் பற்றிக்கொள்வதால் மூலக்கூறு சிறுநீரகத்தில் வடிந்துவிடாது. இப்படி உருவான லிராகுளூடைடின் அரை ஆயுள் 13 மணி நேரமானது. அடுத்து வந்த செமாகுளூடைடில் வால் 18 கார்பனாக நீண்டது; கூடவே அலனைன் இருந்த இடத்தில் ஒரு மெத்தில் தொகுதி கூடுதலாகக் கொண்ட அமினோ அமிலம் அமர்ந்தது. அந்தச் சிறு தொகுதி நொதியின் வெட்டைத் தடுக்க, அரை ஆயுள் ஒரு வாரத்தை எட்டியது. டுலாகுளூடைடு வேறு வழியில், எதிர்ப்புரதத்தின் ஒரு துண்டோடு இணைந்து, வார ஊசியானது.

4. நீளமும் தன்மையும்

ஊசிகளின் எண்ணிக்கை குறைந்ததோடு மாற்றம் நிற்கவில்லை. குறுகிய நேர மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, உணவுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்கு அடக்குகின்றன. ஏற்பி இடைவிடாது தூண்டப்படும்போது இரைப்பை மீதான அவ்விளைவு நாளடைவில் மங்குகிறது. ஆகவே நீடித்த மருந்துகள் வெறும் வயிற்றுச் சர்க்கரையையே கூடுதலாகக் குறைக்கின்றன. இவ்விரு பிரிவுகளையும் ஒரே மருந்தின் இரு அளவுகளாகக் கருதுவது பிழை. பலனும் சர்க்கரையோடு நின்றுவிடவில்லை: 9,340 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான லீடர் ஆய்வில் லிராகுளூடைடு இதயநோய் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றைச் சேர்த்து 13 விழுக்காடு குறைத்தது.

5. எல்லை

சுரப்பதற்குச் செல் இருந்தாக வேண்டும். பீட்டா செல்கள் அழிந்த முதல் வகை நீரிழிவில் ஜிஎல்பி-1 வழி மருந்துகள் இன்சுலினுக்கு மாற்றாகா. இரண்டாம் வகையிலும், இன்சுலினைச் சட்டென்று குறைத்தோ நிறுத்தியோ இம்மருந்துகளைத் தொடங்கியோரிடம் கீட்டோ அமிலத்தேக்கம் ஏற்பட்டதைச் சுட்டி, பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2019-இல் எச்சரித்தது. நெடுநாள் நோயாளியின் இன்சுலினில் கைவைக்கும் முன் இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் சி-பெப்டைடின் அளவைப் பார்த்து, கணையத்தில் சுரக்கும் திறன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அறிந்துகொள்வது நல்லது.