ஆயுதச் சட்டமும் நீதியின் துலாக்கோலும்

ஆக்ரா நகரில் ஃபுல்லர் என்னும் ஆங்கில வழக்கறிஞர் ஒருவர் வாழ்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திற்குப் புறப்பட்ட அவர், தம் குதிரைக்காரன் உரிய நேரத்தில் ஆயத்தமாக நிற்கவில்லை என்று சினந்து அவனை அடித்தார். அடிபட்ட அந்த ஏழை அன்றே உயிர் துறந்தான். வழக்கை விசாரித்த ஆங்கில மாஜிஸ்திரேட் வழங்கிய தண்டனை 30 ரூபாய் அபராதம்! 1876-ஆம் ஆண்டில் வைஸ்ராயாக வந்து சேர்ந்த லிட்டன் பிரபு இத்தீர்ப்பைக் கேள்வியுற்று, ஒரு மனித உயிர் பறிபோன வழக்கில் இத்துணை இலேசான தண்டனையா என்று வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் பலரின் சீற்றத்திற்கும் ஆளானார்.

நீதிக்காகக் குரல் கொடுத்த அதே லிட்டன் பிரபுதான், இரண்டே ஆண்டுகள் கழித்து 1878-இல் இந்திய ஆயுதச் சட்டத்தைக் கொண்டு வந்தார் என்பது வரலாற்றின் விந்தை. அச்சட்டத்தின்படி உரிமம் பெறாமல் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை. அதிகாரிகள் கண்ணிற்படாமல் மறைத்து வைத்தால் 7 ஆண்டுகள் வரை சிறை. ஆயினும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரிமம் தேவையில்லை என விதிவிலக்கு அளிக்கப்பட்டது. ஒரே தெருவில், ஒரே வகைத் துப்பாக்கியை, ஒரே நோக்கத்திற்காக இருவர் வைத்திருக்கலாம். ஒருவர் கனவான், மற்றவர் குற்றவாளி! இருவரையும் பிரித்தது செயலன்று, பிறப்பே.

இந்த அவமதிப்பை நம்மவர்கள் வாய்மூடி ஏற்றுக் கொள்ளவில்லை. 1887-ஆம் ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் மகாசபையின் மூன்றாவது மாநாடு நம் சென்னை மாநகரில் கூடியது. தலைமை தாங்கியவர் பத்ருத்தீன் தையப்ஜி அவர்கள். அம்மகாசபையின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த முதல் முஸ்லிம் அவரே; பின்னாளில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் விளங்கியவர். ஆயுதச் சட்டம் இந்நாட்டு மக்கள் மீது தகாத களங்கத்தைச் சுமத்துகிறது, அதனைத் திருத்த வேண்டும் என்று அம்மாநாட்டில் தீர்மானம் நிறைவேறிற்று. லிட்டன் பிரபு 1878-இல் கொணர்ந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு சில ஆண்டுகளில் நீக்கினார். ஆயுதச் சட்டமோ நீடித்தது. இன வேறுபாட்டை விதிகளிலிருந்து அகற்றுவதற்கே 1920-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1930-இல் காந்தியடிகள் இர்வின் பிரபுவின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளிலும் துப்பாக்கி உரிமம் பற்றியது ஒன்றாக இருந்தது.

நாடு விடுதலை பெற்றபின் 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தில் துரை என்றும் குடிமகன் என்றும் பேதமில்லை. அநீதியின் கதை இத்துடன் முடிந்தது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அநீதிக்கு ஒரு வாசல் மட்டுமன்று. ஒன்றை அடைத்தால் மற்றொன்றின் வழியே அது நுழைந்து விடுகிறது.

1980-களில் பஞ்சாபில் துப்பாக்கி வெடிக்காத நாள் அரிதாயிற்று. பேருந்திலிருந்து இறக்கிச் சுடப்பட்டோர், கடைவீதியில் மாண்டோர் எத்தனையோ பேர். இக்கொடுமையை ஒடுக்கக் கருதிய நாடாளுமன்றம் 1988-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தது. 27-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவாக அது இடம்பெற்றது. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை ஒருவர் பயன்படுத்தி, அதனால் இன்னொருவர் இறந்தால் தண்டனை மரணம். ‘மரணம் அல்லது ஆயுள் சிறை’ என்றில்லை. மரணம் ஒன்றுதான், நீதிபதி தேர்ந்தெடுக்க வேறு எதுவும் விட்டு வைக்கப்படவில்லை.

இங்கே வாசகர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பணத்திற்காகத் திட்டமிட்டு, இயந்திரத் துப்பாக்கியால் ஒரு குடும்பத்தையே சுட்டு வீழ்த்தியவனும், காவல் பணியில் கை தவறிச் சுட்டுத் தோழனைப் பறிகொடுத்துவிட்டுக் கதறும் படைவீரனும் அச்சட்டத்தின் சொற்களுக்குள் ஒன்றாகவே அடங்கி விடுவர். எண்ணம் என்ன, சூழ்நிலை என்ன, வயதென்ன, வருந்தினானா இல்லையா என்ற எந்தக் கேள்விக்கும் அங்கே இடமில்லை. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் ஒத்தவர்களை வேறுபடுத்தியது. 1988-ஆம் ஆண்டுத் திருத்தமோ வேறுபட்டவர்களை ஒத்தவராக்கியது. இரண்டும் அநீதியே. முன்னதை அநீதி என்று நாம் எளிதில் கண்டு கொள்கிறோம். பின்னது சமத்துவத்தின் ஆடை அணிந்து வருவதால் நம் கண்ணை ஏமாற்றி விடுகிறது.

வியப்பு யாதெனில், இத்தகைய சட்டம் செல்லாது என்று உச்சநீதிமன்றம் ஏற்கெனவே கூறியிருந்தது. ஆயுள் தண்டனைக் கைதி ஒருவன் கொலை செய்தால் மரண தண்டனை தவிர வேறில்லை என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவு கூறிவந்தது. 1983-ஆம் ஆண்டு, தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் அப்பிரிவை ரத்துச் செய்தனர். அத்தீர்ப்பு வந்து ஐந்தே ஆண்டுகளில் அதே பிழையை ஆயுதச் சட்டத்தில் மீண்டும் எழுதினோம். அது 24 ஆண்டுகள் ஏட்டில் நிலைத்தது. 2012 பிப்ரவரியில், மத்திய ரிசர்வ் படைக் காவலர் ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில், நீதிபதிகள் கங்குலியும் கேஹரும் அதனை அரசியல் சாசனத்திற்கு முரணானது என அறிவித்தனர். பழைய 303-ஆம் பிரிவின் இடத்தில் 2023-ஆம் ஆண்டின் புதிய தண்டனைச் சட்டம் மரணத்தோடு ஆயுள் சிறையையும் சேர்த்தே எழுதியிருப்பது ஆறுதல் தருவதாகும்.

இனி, மறுதரப்பாரின் வாதத்தையும் கேட்பதே முறை. ‘தண்டனையை நீதிபதியின் விருப்பத்திற்கு விட்டால், ஊருக்கொரு நீதி, ஆளுக்கொரு நீதி என்றாகாதா? சட்டமே அளவைக் கட்டிவிட்டால் பாரபட்சத்திற்கு வழியில்லையே!’ என்பர். இவ்வாதத்தைத் தள்ளிவிட இயலாது. உத்தரப் பிரதேசத்தில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தைக் கொன்றதாக மூவர் மீது நடந்த வழக்கே இதற்குச் சான்று. அது ஆயுதச் சட்டத்தின் கீழ் எழுந்ததன்று. எனினும் நம் பொருளுக்கு நேரடியாகப் பொருந்துவது. மூவருக்கும் ஒரே குற்றம், ஒரே பங்கு, ஒரே மரண தண்டனை. மூவரும் தனித்தனியே உச்சநீதிமன்றத்தை நாடினர்; மனுக்கள் வெவ்வேறு நீதிபதிகள் முன் சென்றன. ஒருவரின் மனு தள்ளப்பட்டு 1981 அக்டோபரில் அவர் தூக்கிலிடப்பட்டார். மற்றொருவரின் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. மூன்றாமவரும் அதே அக்டோபர் நாளில் தூக்கு மேடை ஏற வேண்டியவர். இறுதி நேரத்தில் தடையுத்தரவு கிடைத்தது. கூட்டாளிகளுள் ஒருவர் உயிர் பிழைத்திருக்க இவரைத் தூக்கிலிடுவது தகாது என்று கண்ட நீதிமன்றம், தண்டனையைக் குறைக்குமாறு 1982-இல் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. மாண்டவர் மாண்டவரே. எந்த நீதிபதியின் முன் மனு சென்றது என்பதே ஒருவரின் உயிரைத் தீர்மானித்தது என்றால், அதனைச் சொல்ல நமக்கே நாக் கூசுகிறது.

நீதிபதியின் கையைக் கட்டினாலும் குற்றத்திற்கொரு தண்டனை அமையும் என்று உறுதியில்லை. சட்டம் எழுதுவோரே ஒரு குற்றத்திற்கு இரண்டு அளவுகோல் வைத்து விடுகிறார்கள். 1987-ஆம் ஆண்டின் தடாச் சட்டத்தை எடுத்துக் கொள்வோம். அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றில் உரிமமில்லாக் கைத்துப்பாக்கியுடன் ஒருவன் பிடிபட்டால், அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி குறைந்தது 5 ஆண்டு சிறை. ஆயுள் வரையும் நீளலாம். அப்பகுதியின் எல்லையைத் தாண்டி அடுத்த மாவட்டத்தில், அதே கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டவனுக்கு அக்காலத்து ஆயுதச் சட்டப்படி ஓராண்டு முதல் 3 ஆண்டுகள் வரையே சிறை. எங்கே பிடிபட்டான், எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியப்பட்டது என்பவை நீதிபதி வாய் திறக்கு முன்பே தண்டனையை எழுதி விடுகின்றன. தடாச் சட்டம் 1995-இல் காலாவதியாயிற்று. ஆயினும் அது கற்பித்த பாடம் காலாவதியாகவில்லை. நீதிபதியிடமிருந்து பறிக்கப்பட்ட அதிகாரம் மறைந்து போவதில்லை. குற்றப்பத்திரிகை எழுதுவோரின் கைக்கு அது மாறுகிறது. நீதிபதியாவது காரணம் கூறித் தீர்ப்பெழுதுகிறார். அவரோ காரணம் எழுதக் கடமைப்பட்டவரல்லர்.

அவ்வாறாயின் வழி என்ன? அரபு மொழியில் நீதியைக் குறிக்கும் சொல் ‘அத்ல்’. அதே வேரிலிருந்து பிறந்த ‘இத்ல்’ என்னும் சொல், ஒட்டகத்தின் இருபுறமும் தொங்கும் சுமைகளில் ஒரு பக்கத்துச் சுமையைக் குறிக்கும். ஒரு பக்கம் கனத்தால் சுமை சரிந்து விழும். வழிப்பயணம் நின்று போகும். சுமை கட்டுவோன் இருபுறமும் ஒரே பொருளை வைக்க வேண்டுமென்பதில்லை. ஒரு புறம் பேரீச்சையும் மறுபுறம் துணியும் இருக்கலாம். எடைதான் ஒத்திருக்க வேண்டும். மதரஸாவில் இச்சொல்லைப் பாடமாக ஓதியபோது எனக்கு இதன் ஆழம் விளங்கவில்லை. ஆசிரியனான பிறகே விளங்கிற்று.

ஒருநாள் காலையில் இரண்டு மாணவர்கள் நேரம் தவறி வந்தனர். இருவரையும் ஒரே அளவாக வெயிலில் நிற்க வைத்தேன். பாரபட்சம் காட்டவில்லை என்ற நிறைவும் எனக்கு இருந்தது. ஒருவன் வழியில் பம்பரம் விளையாடியவன். மற்றவன் காய்ச்சலில் கிடந்த தாய்க்கு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தவன். இதனை மாலையில் அறிந்தேன். அவன் காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. அந்தக் கேளாமைதான் என் குற்றம். கேட்பதற்கு வழியில்லாமல் செய்யும் சட்டமும் அக்குற்றத்தையே, மனித உயிரைப் பணயமாக வைத்துச் செய்கிறது.

2019-ஆம் ஆண்டில் ஆயுதச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. தடைசெய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டுகள் வரை சிறை. திருமண ஊர்வலத்திலும் விழாவிலும் அலட்சியமாகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஊறு செய்வோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை. இக்கடைசிப் பிரிவில் ஒரு சிறு வாசகம் உண்டு. தக்க, தனிப்பட்ட காரணங்கள் இருப்பின், அவற்றைத் தீர்ப்பிலேயே எழுதி நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம் என்பதே அது. நாம் தேடும் வழி இச்சிறு வாசகத்தில்தான் இருக்கிறது. சட்டம் ஓர் அளவைக் காட்டட்டும். நீதிபதி மனிதனைப் பார்க்கட்டும். அளவிலிருந்து விலகினால் ஏன் விலகினார் என்று உலகறிய எழுதட்டும். எழுதப்பட்ட காரணத்தை மேல் நீதிமன்றம் சோதிக்கலாம்; அடுத்த வழக்கின் நீதிபதி ஒப்பிட்டுப் பார்க்கலாம். தண்டனை வழங்குவதற்கென்று பொதுவான நெறிமுறைகள் வகுக்கப்பட வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டிலேயே நீதிபதி மாலிமத் குழு பரிந்துரைத்தது. அப்பரிந்துரை செயலாவதே பாரபட்சத்திற்குச் சரியான மருந்து. நீதிபதியின் கண்ணைக் கட்டுவதன்று.

கொலையுண்டவனின் வீட்டில் எழும் அழுகுரலை நாம் மறந்து விடலாகாது. துப்பாக்கி ஏந்தித் திரிவோரிடம் இரக்கம் காட்டுமாறு இக்கட்டுரை வேண்டவில்லை. கடுந்தண்டனைக்கு உரியவன் கடுந்தண்டனை பெறட்டும். ஆனால் அது அவன் செய்ததை நிறுத்துப் பார்த்த பின்னரே விழட்டும். ஆக்ராவின் குதிரைக்காரனுடைய உயிரை 30 ரூபாய்க்கு மதித்த தராசும், எல்லாத் தலைக்கும் ஒரே கயிற்றை நீட்டிய தராசும் நமக்கு வேண்டா. வீட்டில் பிள்ளைகளைக் கண்டிக்கும் பெற்றோரும், வகுப்பில் மாணவரைத் திருத்தும் ஆசிரியரும், மன்றத்தில் தீர்ப்பெழுதும் நீதிபதியும் தண்டனைக்கு முன்னே ‘ஏன்?’ என்று ஒரு சொல் கேட்கும் பழக்கத்தைக் கைக்கொள்வார்களாக.