பெர்னாண்டோ - பெயர் மட்டும் கப்பலில் வந்தது!

2019 பிப்ரவரி 16, தென்னாப்பிரிக்காவின் டர்பன் மைதானம். இலங்கை ஜெயிக்க 304 ரன் வேண்டும். 9 விக்கெட் விழுந்துவிட்டது, இன்னும் 78 ரன் பாக்கி. டிவியை அணைத்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். ஆனால் கடைசி ஜோடி அசையவில்லை. ஒருவர் அடித்துக்கொண்டே இருந்தார், இன்னொருவர் 6 ரன் மட்டும் எடுத்து முட்டுக் கொடுத்து நின்றார். ஒரு விக்கெட் வித்தியாசத்தில் இலங்கை வென்றது. குசல் பெரேரா 153 நாட் அவுட், விஷ்வா பெர்னாண்டோ 6 நாட் அவுட்.

இப்போது அந்த இரண்டு பெயர்களையும் மறுபடி படித்துப் பாருங்கள். பெரேரா... பெர்னாண்டோ... இரண்டும் போர்ச்சுகல் நாட்டுப் பெயர்கள்! இந்தப் பெயர்கள் இலங்கையோடு நிற்கவில்லை. நம் தூத்துக்குடிப் பக்கம் போனால் பர்னாந்து, ரோட்ரிகோ, கோமஸ், மச்சாடோ, மிராண்டா, வாஸ் என்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வகுப்பில் இப்படி ஒரு பெயர் வந்தால் உடனே வரும் கேள்வி, "நீங்க ஆங்கிலோ இந்தியனா? தாத்தா வெள்ளைக்காரரா?"

அந்தக் கேள்விக்கு வரலாறும் மரபணு அறிவியலும் சொல்லும் பதிலைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கப் போகிறது.

பெயருக்கு என்ன அர்த்தம்?

பெர்னாண்டோ என்பது போர்ச்சுகீசியச் சொல்லே அல்ல என்பதுதான் முதல் ஆச்சரியம். ஐந்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்த விசிகோத் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பெயர் அது. இரண்டு சொற்கள் சேர்ந்து உருவானது. பின்பாதிக்குத் "துணிவு" என்று பொருள். முன்பாதியைச் சிலர் "பயணம்" என்கிறார்கள், சிலர் "அமைதி" என்கிறார்கள். பயணத்துக்குத் துணிந்தவன் என்று வைத்துக்கொண்டால், கடற்கரை மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது!

1492இல் கொலம்பஸை அனுப்பிவைத்த ஸ்பெயின் அரசரின் பெயர் பெர்னாண்டோ. உலகைச் சுற்றக் கிளம்பிய மெகல்லனின் முதல் பெயரும் இதன் இன்னொரு வடிவம்தான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். போர்ச்சுகலில் பெர்னாண்டோ என்பது பொதுவாக முதல் பெயர், அதாவது நம்மூர் முருகன், ராஜா மாதிரி. "பெர்னாண்டோவின் மகன்" என்ற பொருளில் வரும் பெர்னாண்டஸ்தான் அங்கே குடும்பப்பெயர். கோவாவில் அந்த பெர்னாண்டஸ் அப்படியே இருக்கிறது. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மட்டும் பெர்னாண்டோ என்ற முதல் பெயரே குடும்பப்பெயராகிவிட்டது. (பெரேராவுக்கு மூலமான பெரெய்ரா என்றால் பேரிக்காய் மரம்!)

முத்து, சண்டை, ஒரு ஒப்பந்தம்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடா முத்துக்குப் பெயர் போன இடம். குளித்து முத்தெடுத்தவர்கள் பரதவர்கள். ஆனால் வியாபாரமும் குத்தகையும் யார் கையில் என்பதில் அவர்களுக்கும் கடற்கரை முஸ்லிம் வணிகர்களுக்கும் இடையே கடும் போட்டி. 1530களின் தொடக்கத்தில் அது ரத்தக்களரியாக வெடித்தது. உள்நாட்டு அரசர்களிடமிருந்து பரதவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

அப்போது அவர்களுக்கு வழி சொன்னவர் ஜான் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி. மலபாரைச் சேர்ந்தவர், ஏற்கெனவே கிறிஸ்தவராக மாறியவர். "கொச்சியில் போர்ச்சுகீசியர்களிடம் கடற்படை இருக்கிறது, அவர்கள் மதத்தில் சேர்ந்தால் காப்பாற்றுவார்கள்" என்பதுதான் யோசனை. பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள், ஞானஸ்நானம் பெற்றார்கள். அடுத்து 1535 முதல் 1537க்குள் போர்ச்சுகீசியப் பாதிரிமார்கள் இங்கே வந்து ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மொத்தம் சுமார் 20,000 பேர் என்று சொல்லப்படுகிறது.

காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது இருதரப்பு ஒப்பந்தம். ஒரு பக்கம் பாதுகாப்பு, மறுபக்கம் விசுவாசம், கூடவே முத்துக்குளித்துறை வருமானம். அந்த ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்துதான் புதிய பெயர்!

ஞானஸ்நானம் என்றால் புதுப்பெயர் வேண்டும். பாதிரியாருக்குத் தெரிந்த பெயர்கள், ஞானத்தந்தையாக நின்ற சிப்பாயின் பெயர், கேப்டனின் பெயர் என்று கையில் இருந்த பட்டியல் சின்னது. அதனால் ஒரே பெயர்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு விழுந்தன. 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் புதுப்பெயரைத் துண்டில் எழுதிக் கொடுத்ததாகத் தன் கடிதத்தில் குறிப்பிடுகிறார். யோசித்துப் பாருங்கள், இன்று பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர், அன்று ஒரு துண்டில் எழுதித் தரப்பட்டது!

அந்தப் பெயருக்கு விலையும் இருந்தது. 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவரான சுமார் 600 பேர் யாழ்ப்பாண மன்னர் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டதாகக் கத்தோலிக்கப் பதிவுகள் சொல்கின்றன.

இலங்கையில் நடந்தது

போர்ச்சுகீசியர்கள் இலங்கையில் கால் வைத்தது 1505இல். 1557இல் கோட்டே அரசர் தர்மபாலாவே ஞானஸ்நானம் பெற்று டொம் ஜுவான் ஆனார். ராஜாவே மாறினால் பிரபுக்கள் மாறமாட்டார்களா? மேற்குக் கரை முழுக்க பெரேரா, சில்வா, பெர்னாண்டோ, மென்டிஸ், பீரிஸ் பெருகினார்கள்.

அடுத்து வந்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தை ஒடுக்கினாலும் பெயர்களை அழிக்கவில்லை. மாறாக உறுதிப்படுத்தினார்கள். தோம்பு என்ற பதிவேட்டில் ஞானஸ்நானம், திருமணம், நிலம் எல்லாவற்றையும் எழுதினார்கள். பதிவில் பெயர் இருந்தால்தான் சொத்தும் உத்தியோகமும் என்ற நிலை. அதனால் உள்ளுக்குள் பௌத்தராக இருந்தவர்களும் வெளியே இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். இன்று பௌத்த பெர்னாண்டோக்கள் ஏராளமாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

பழைய அடையாளமும் அழிந்துவிடவில்லை. சமிந்த வாஸின் முழுப்பெயரைப் பாருங்கள்: வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். அப்பாடா! இது பெயர் இல்லை, ஒரு சரித்திரப் புத்தகம். வர்ணகுலசூரிய என்பது கரையோரக் குலப்பெயர். பட்டபெந்திகே என்றால் பட்டம் கட்டப்பட்டவரின் வீட்டார். தமிழ்க் கடற்கரையில் "பட்டங்கட்டி" என்ற தலைவர் பட்டம் இருந்ததே, அதன் சொந்தக்காரச் சொல். ஜோசப் என்பது மதம், வாஸ் என்பது போர்ச்சுகல்.

தூத்துக்குடியிலும் இதே கதைதான். பரதவர்களின் ஜாதித்தலைவர்கள் "பாண்டியபதி" என்ற பட்டத்தையும் வைத்துக்கொண்டார்கள், டொன், த குரூஸ், வாஸ், கோமஸ் என்ற பெயர்களையும் வைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் சண்டை வரவில்லை!

சரி, மரபணு என்ன சொல்கிறது?

ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் வருகிறது. பல நாடுகளில் குடும்பப்பெயரும் அப்படித்தான் வருகிறது. அப்படியென்றால் ஒரே குடும்பப்பெயர்க்காரர்களுக்கு ஒரே ஒய் குரோமோசோம் இருக்க வேண்டுமே?

இதைச் சோதித்தவர் ஆக்ஸ்போர்டு மரபியல் அறிஞர் பிரையன் சைக்ஸ். தன் பெயரையே எடுத்துக்கொண்டார். சைக்ஸ் என்றால் சிற்றோடை, இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதிப் பெயர். 48 சைக்ஸ் ஆண்களைச் சோதித்ததில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒரே ஒய் குரோமோசோம் அமைப்பு! எழுநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு மூதாதையின் வாரிசுகளாக அவர்கள் இருக்கலாம் என்று 2000ஆம் ஆண்டு வெளியிட்டார். பின்னர் 2009இல் பிரிட்டனின் 40 குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. அரிதான பெயர்களுக்குள் ரத்த உறவு நெருக்கம், ஸ்மித் (கொல்லர்) போன்ற பொதுப் பெயர்களுக்குள் அப்படி எதுவும் இல்லை. காரணம் எளிது. ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தார், எல்லோரும் ஸ்மித் ஆனார்கள்.

பெர்னாண்டோ இதில் எந்த வகை? ஸ்மித்தையும் தாண்டிய வகை! ஒரு மூதாதையிடமிருந்து கிளைத்த பெயர் அல்ல இது. ஏற்கெனவே வெவ்வேறு குடும்பங்களாக இருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஓரிரு வருடங்களில் வழங்கப்பட்ட பெயர். ஆதிப்பெர்னாண்டோ என்று ஒருவரே கிடையாது. ஆகவே இரண்டு பெர்னாண்டோக்கள் சந்தித்தால், பெயரை மட்டும் வைத்துச் சொந்தம் என்று சொல்ல முடியாது. அந்தப் பெயரை மட்டும் வைத்து யாருக்கும் போர்ச்சுகல் ரத்தம் என்றும் சொல்ல முடியாது.

போர்ச்சுகீசியர்கள் இங்கே மணம் செய்யவில்லையா? செய்தார்கள். மட்டக்களப்பில் போர்ச்சுகீசியக் கலப்பு மொழி பேசும் பறங்கியர் சமூகம் அதற்குச் சாட்சி. ஆனால் கணக்கைப் பாருங்கள். தலைமுறைக்கு 30 வருடம் என்றால் 1535 முதல் இன்று வரை சுமார் 16 தலைமுறை. ஒருவருக்கு அப்பா அம்மா 2, தாத்தா பாட்டி 4, பிறகு 8, 16... என்று போனால் பதினாறாவது படியில் 65,536 இடங்கள். அதில் ஒரே ஒரு இடத்தில் ஒரு லிஸ்பன் மாலுமி இருந்திருந்தாலும், இன்றைய பேரனின் உடலில் அவரது மரபணு ஒரு துளிகூட மிஞ்சாமல் போயிருக்கலாம்.

இன்னொரு பக்கம், 2023இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு சிங்களவர்களும் இலங்கைத் தமிழர்களும் மரபணுவில் மிக நெருக்கமானவர்கள் என்று காட்டியது. நீர்கொழும்பு, சிலாபம் கரையில் பல பெர்னாண்டோ குடும்பங்கள் சில தலைமுறை முன்புவரை வீட்டில் தமிழ் பேசியவை, பள்ளிமொழி மாறியதும் சிங்களவரானவை. பெயர் அதேதான், மொழிதான் மாறியது. அதே பெயரில் கடலுக்கு இந்தப் பக்கம் தமிழர், அந்தப் பக்கம் சிங்களவர்!

தூக்கி எறிந்தவர்களும் வைத்துக்கொண்டவர்களும்

காலனியம் கொடுத்த பெயர் எதற்கு என்று கழற்றி வைத்தவர்கள் உண்டு. 1864இல் டொன் டேவிட் ஹேவாவிதாரண என்று பிறந்தவர்தான் அநகாரிக தர்மபாலா ஆனார். ஆல்பர்ட் பெரேரா, இசைமேதை அமரதேவா ஆனார். நம் பக்கம் ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ் என்று தூத்துக்குடியில் பிறந்தவர் சினிமாவில் ஜே.பி. சந்திரபாபு ஆனார். அந்த ஜே-யும் பி-யும்தான் மிச்சம்.

வைத்துக்கொண்டவர்களும் உண்டு. தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து. தாகத்தோடு வரிசையில் நின்ற யாரும் அவர் பெயர் எந்த நாட்டுப் பெயர் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அந்த மக்களின் கதையை 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' என்று நாவல்களாக எழுதியவர் பெயர் ஜோ டி குரூஸ். பெயர் போர்ச்சுகல், எழுதியது தமிழ்.

ஜன்னல், சாவி, அலமாரி எல்லாமே போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தவைதான். ஜன்னலைத் திறப்பவரிடம் யாரும் "உங்க தாத்தா வெள்ளைக்காரரா?" என்று கேட்பதில்லை. பர்னாந்துகளிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

அடுத்த முறை வருகைப்பதிவில் அப்படி ஒரு பெயர் வந்தால் நினைவில் வையுங்கள். கப்பலில் வந்தது அந்தப் பெயர் மட்டும்தான். பெயருக்குச் சொந்தக்காரர்கள் அதற்கு முன்பே கரையில் நின்றுகொண்டிருந்தார்கள்.