ஒரே மென்பொருள், மூன்று பெயர்: தமிழ் ஆவணங்களை வாசிக்கும் லினக்ஸ் பொதிகள்

மலையகத் தோட்டங்களிலிருந்து 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறிய குடும்பங்கள் பல, போரில் மீண்டும் இடம்பெயர்ந்தபோது தம் ஆவணங்களை இழந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. பழைய காகிதமொன்றின் பெறுமதியை இந்தத் திகதியே சொல்லும். எஞ்சியிருக்கும் ஆதாரம் நமுனுகுல மலையடியில் உறவினர் வீட்டுப் பெட்டியிலும் இருக்கலாம்.

அச்சிட்ட அல்லது தட்டச்சு செய்த ஆவணத்தின் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்ற டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் உதவும். 1985இல் எச்.பி. நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் மூலநிரலுடன் வெளியிடப்பட்டது. இணையமின்றி இயங்குவதால் ஆவணம் வீட்டுக் கணினியை விட்டு வெளியே போகாது. கையெழுத்தை வாசிக்க இதை நம்பக்கூடாது. லினக்ஸில் இதை நிறுவும்போது பலரும் இடறுவது பெயர்களில்தான். (கீழுள்ள பெயர்கள் ஒலிப்பின்படி தரப்பட்டுள்ளன; கணினியில் ஆங்கில எழுத்தில் இடவும்.)

பெயர் ஏன் மாறுகிறது?

ஒவ்வொரு லினக்ஸ் வழங்கலும் தன் பொதிகளுக்குத் தானே பெயரிடுகிறது. டெசராக்டின் தமிழ்த் தரவுப் பொதி டெபியன், உபுண்டுவில் 'டெசராக்ட்-ஓசிஆர்-டாம்', பெடோராவில் 'டெசராக்ட்-லாங்பேக்-டாம்', ஆர்ச்சில் 'டெசராக்ட்-டேட்டா-டாம்'. கண்டி ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கி இலங்கையில் உருவான ஹந்தான லினக்ஸ் பெடோராவை அடிப்படையாகக் கொண்டது. எனவே அதற்கும் பெடோராப் பெயர்களே பொருந்தும்.

தமிழுக்கே மூன்று குறியீடுகள் உண்டு. லிப்ரே ஒபிஸின் தமிழ் இடைமுகப் பொதியில் 'டிஏ' என்ற ஈரெழுத்து மொழிக்குறி. டெசராக்டில் 'டிஏஎம்' என்ற மூவெழுத்து மொழிக்குறி. டெபியனின் தமிழ் எழுத்துருப் பொதியில் 'டிஏஎம்எல்' என்ற வரிவடிவக் குறி. ஒன்றைத் தேடிக் கிடைக்காவிட்டால் மற்றதையும் தேடுங்கள்.

மூலநிரலிலிருந்து கட்டும்போது

டெசராக்ட் படங்களைக் கையாள லெப்டோனிகா என்ற நூலகத்தைச் சார்ந்துள்ளது. இயங்குவதற்கான நூலகம் மட்டும் இருந்தால் கட்டமுடியாது. தலைப்புக் கோப்புகள் அடங்கிய பொதியும் வேண்டும். டெபியனில் அதன் பெயர் 'டெவ்' என்றும் பெடோராவில் 'டெவெல்' என்றும் முடியும். ஆர்ச்சில் இப்பிரிப்பு பொதுவாக இல்லை.

'தலைப்புக் கோப்பு இல்லை' என்ற பிழை வந்தால் பொதியின் பெயரை ஊகிக்க வேண்டாம். அந்தக் கோப்பின் பெயரைக் கொண்டு டெபியனில் 'ஏபிடி-பைல் சேர்ச்', பெடோராவில் 'டிஎன்எப் புரவைட்ஸ்' கட்டளையால் தேடினால் உரிய பொதி தெரியும். ஒரே மென்பொருளுக்கு வெவ்வேறு வழங்கல்களில் உள்ள பெயர்களை ரெபாலஜி இணையத்தளம் ஒப்பிட்டுக் காட்டுகிறது.

பெயரிலுள்ள எண்

யுனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியு நூலகம் உபுண்டு 22.04இல் 'லிப்ஐசியு70', 24.04இல் 'லிப்ஐசியு74'. முன்னையதற்குக் கட்டிய பொதி பின்னையதில் நிறுவப்படாமற் போவது இதனால்தான். எண் மாறினால் நூலகத்தின் உள்ளிணைப்பும் மாறியுள்ளது என்று பொருள். பழைய பெயரில் போலி இணைப்பு வைத்தோ வற்புறுத்தியோ நிறுவினால் வேறு மென்பொருள்களும் பழுதாகலாம். அந்தந்தப் பதிப்புக்கென மீண்டும் கட்டுவதே சரி.

இணையம் எட்டாத இடத்துக்கு

சமிக்ஞை குறைந்த தோட்டத்துக்குப் பொதிகளை யூஎஸ்பியில் கொண்டுசெல்வதானால், அதே வழங்கல், அதே பதிப்பு, அதே செயலி வகையுள்ள கணினியில் பதிவிறக்குங்கள். 'ஏபிடி-கெட்' கட்டளையுடன் 'டவுன்லோட்-ஒன்லி' தெரிவைச் சேர்த்தால், பொதிகள் நிறுவப்படாமல் ஏபிடியின் சேமிப்பு அடைவில் வந்துசேரும். ஆனால் அக்கணினியில் ஏற்கெனவே உள்ள சார்புப் பொதிகள் இறங்கா. ஆகவே புதிதாக நிறுவிய, வேறெதுவும் சேர்க்காத கணினியே இதற்கு உகந்தது.

மூலப் படத்தை எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம். மென்பொருள் தரும் எழுத்து தேடுவதற்கு மட்டுமே. பெயர், திகதி, இலக்கம் ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிட்டே பயன்படுத்துங்கள். ஓர் எழுத்துப் பிழை இன்னொருவரின் பெயராகிவிடக்கூடும்.