செவியில் பிறக்கும் திசை

விலங்குகள் வழி அறிவது எப்படி என்றால் கண்ணையும் மூக்கையும் சொல்வோம். ஆனால் திசையறிவின் அடித்தளம் உட்செவியில் இருக்கிறது. விழாமல் நிற்க உதவும் உறுப்பு என்றே அதை நெடுங்காலம் கருதியதால், இந்த உண்மை துலங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1820களில் பாரிஸில் பியர் ஃப்ளூரன்ஸ் புறாக்களின் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழாய்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். கிடைமட்டக் குழாய் அறுபட்ட புறாவின் தலை இடவலமாக ஓயாமல் ஆடியது. செங்குத்துக் குழாய் அறுபட்டதன் தலை மேலும் கீழுமாக ஆடியது. ஆனாலும் இரண்டுக்கும் காது கேட்டது. 1870களில் எர்ன்ஸ்ட் மாக், யோசஃப் பிராயர், கிரம் பிரவுன் மூவரும் தனித்தனியே காரணம் கண்டனர். தலை திரும்பும்போது குழாய்க்குள் இருக்கும் நீர் பின்தங்குகிறது; அந்த வேறுபாட்டை நரம்புகள் மூளைக்குச் சொல்கின்றன.

அதே காலத்தில், 1873இல், டார்வின் ‘நேச்சர்’ இதழில் ஒரு கேள்வி எழுப்பினார். சைபீரியப் பனிமேடுகளுக்கிடையே ஓயாது வளைந்து சென்றும் இலக்குத் தவறாத மக்களைச் சுட்டி, விலங்குகளும் தம் திருப்பங்களைக் கணக்கு வைக்கின்றனவோ, மூளையில் திசைக்கென ஒரு பகுதி உண்டோ என்று கேட்டார். கேள்வியும் பாதி விடையும் ஒன்றாகப் பிறந்தும் தனித்தனி வழியில் போயின. 1980இல் ஜெர்மனியின் மிட்டல்ஷ்டேட் தம்பதியின் சோதனை அவற்றை நெருங்க வைத்தது. இருட்டில் குட்டியைத் தேடி எடுத்த தாய் ஜெர்பில் எலி நேரே கூட்டுக்குத் திரும்பியது. குட்டியை எடுக்கும் இடத்தை, உட்செவி உணராத அளவுக்கு மெல்லச் சுழற்றியபோதோ, சுழற்றிய கோணம் எவ்வளவோ அவ்வளவு வழி தவறியது.

வெளிச்சத்தில் அடையாளங்களே போதாதா என்று கேட்கலாம். தலை ஒரு குறிப்பிட்ட திசையை நோக்கும்போது மட்டும் துடிக்கும் செல்களை 1984இல் புரூக்ளினில் ஜேம்ஸ் ராங்க் எலி மூளையில் கண்டார். சுவரில் அடையாளமாக வைத்த அட்டையை நகர்த்தினால் அச்செல்களின் திசையும் கூடவே நகர்ந்தது. கண்ணே தலைமை என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது. ஆனால் 1997இல் ஸ்டாக்மன், டாப் இருவரும் எலிகளின் உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பைச் செயலிழக்கச் செய்தனர். விளக்கு எரிந்தது, அட்டையும் இருந்தது. திசைக்குறிப்பு மட்டும் மறைந்தது. அடையாளங்கள் திசையைத் திருத்தும். உண்டாக்க உட்செவி வேண்டும்.

மயக்கமருந்து கொடுத்துக் கொண்டுசென்ற புறாக்களும் வீடு திரும்புகின்றனவே என்பது அடுத்த மறுப்பு. அது நியாயமானது. போன வழியை உட்செவி மனப்பாடம் செய்து வைப்பதில்லை. நெடுந்தொலைவுக்குச் சூரியனும் காந்தப்புலமும் மணமும் வேண்டும். திருப்பங்களின் கணக்கில் சிறுபிழைகள் சேர்ந்துகொண்டே போவதால் அவற்றைத் திருத்த வெளிக்குறிகள் தேவை. ஆனால் திருத்துவதற்கு முதலில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். மனிதரிடமும் இதுவே நிலை. இருபுறச் சமநிலை உறுப்பையும் இழந்தவர்களுக்கு இட நினைவு குன்றி, மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி சுருங்கியிருந்ததை 2005இல் தாமஸ் பிராண்ட் குழுவினர் காட்டினர். தலைசுற்றலோடு வருபவரிடம் வழி தவறுகிறதா என்றும் கேட்பதே இந்த வரலாறு மருத்துவத்துக்குச் சொல்லும் பாடம்.